சயின்ஸ் ஃபிக்‌ஷன் படத்துக்கு மினியேச்சரா, கிராஃபிக்ஸா?

கேள்வி இரண்டு பகுதியாக இருக்கிறது. நாற்பது ஐம்பது வருடங்களுக்கு முன்னால் மினியேச்சர் என்கிற சிறு மாடலும் செட்டும் வைத்து எடுத்த விண்வெளிப் படங்கள் இன்றைக்கும் நிஜம்போல் இருக்கும்போது, கோடி கோடியாகக் கொட்டி எடுக்கிற இன்றைய கிராஃபிக்ஸ் ஏன் ஒட்டாமல் தெரிகிறது? கையில் காசு அதிகம் இல்லாமல் ஒரு சயின்ஸ் ஃபிக்‌ஷன் குறும்படம் எடுக்க நினைப்பவர் எந்தப் பக்கம் போவது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாடலில் செய்தார்களா, கம்ப்யூட்டரில் செய்தார்களா என்பது இரண்டாவது கேள்வி. அந்தக் காட்சி எப்படி இருக்கப்போகிறது என்பதைக் கேமரா ஓடுவதற்கு முன்னால் முடிவு செய்தார்களா, பின்னால் முடிவு செய்தார்களா என்பதுதான் முதல் கேள்வி. மாடல் வைத்து எடுப்பவருக்கு முன்னாலேயே முடிவு செய்வதைத் தவிர வேறு வழி கிடையாது. கம்ப்யூட்டரோ அந்த முடிவை ரிலீஸ் தேதி வரைக்கும் தள்ளிப்போட விடுகிறது. கண்ணை உறுத்துகிற காட்சிகளில் பாதிக்கு மேல் இந்தத் தள்ளிப்போடலில் பிறந்தவை என்பது என் கருத்து.

ஆனால் பழைய படங்கள் எல்லாமே நன்றாக இருந்தன என்று நினைப்பது சரியில்லை. நல்லவை மட்டும் நினைவில் தங்கியிருக்கின்றன. 1976-இல் வந்த ‘லோகன்ஸ் ரன்’ அந்த வருடப் படங்களுக்கான ஆஸ்கரில் விஷுவல் எஃபெக்ட்ஸுக்குச் சிறப்பு விருது வாங்கிய படம். அதில் வரும் எதிர்கால நகரத்தை இன்று பார்த்தால், மேஜைமேல் வைத்த மாடல் என்று சட்டெனத் தெரிந்துவிடுகிறது. 1980-இல் வந்த ‘எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ படத்துப் பனிப்போர்க் காட்சியில், வெள்ளைப் பின்னணிமேல் விமானங்களை ஒட்டவைத்தபோது ஓரங்களில் கறுப்புக் கோடு தெரிந்தது. அதை 1997 மறுவெளியீட்டுக்காகக் கம்ப்யூட்டரில் திருத்தினார்கள். இன்று நாம் பார்த்துவிட்டு ‘அந்தக் காலத்து மாடல் வேலை’ என்று வியப்பது அந்தத் திருத்திய பிரதியைத்தான்.

சரி, நல்ல மாடல் ஷாட் ஏன் நம்ப வைக்கிறது? இதில் முக்கால்வாசி கணக்கு. 100 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு கல் விழுந்தால், தரையைத் தொட ஏறக்குறைய நாலரை விநாடி ஆகும். அதே கோபுரத்தை 25-இல் ஒரு பங்காகச் செய்தால் உயரம் 4 மீட்டர். அங்கிருந்து கல் விழ 0.9 விநாடி போதும். பார்ப்பவருக்கு இந்த எண்கள் தெரியாது. ஆனாலும் படபடவென்று விழுகிற எதையும் கண் சின்னப் பொருள் என்று எடுத்துக்கொள்ளும். அதனால் அளவு விகிதத்தின் வர்க்கமூலத்தை எடுக்கிறார்கள். 25-க்கு வர்க்கமூலம் 5. விநாடிக்கு 24 ஃப்ரேமுக்குப் பதில் 120 ஃப்ரேமில் எடுத்து, பிறகு 24-இல் ஓடவிட்டால் அந்த 0.9 விநாடி நாலரை விநாடியாக நீள்கிறது. கோபுரம் 100 மீட்டராகிவிடுகிறது. கட்டடம் சரிகிற, கப்பல் கவிழ்கிற மாடல் காட்சிகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

தண்ணீரும் நெருப்பும் இந்தக் கணக்குக்கு அடங்காது. நீர்த்துளியின் அளவைப் பரப்பு இழுவிசை தீர்மானிக்கிறது. மாடலை எவ்வளவு சின்னதாகச் செய்தாலும் துளி சின்னதாகாது. சிறிய கப்பல் மாடலின் பக்கத்தில் தெறிக்கும் ஒரு துளி, திரையில் பெரிய பந்து போலத் தெரியும். ஆகவே தண்ணீர் வேண்டுமென்றால் மாடலை மிகப் பெரிதாகக் கட்ட வேண்டும், இல்லையென்றால் தண்ணீரையே விட்டுவிட வேண்டும். 1999-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படமான ‘ஃபாண்டம் மெனஸி’ல் நகரத்து அருவிகளுக்கு உப்பைக் கொட்டிப் படம் பிடித்தார்கள். அதே படத்தில் பந்தய மைதானத்தின் மாடலில் தூரத்துக் கூட்டமாக இருப்பவை வண்ணம் பூசிய காது குடையும் பஞ்சுக் குச்சிகள். அசைவு தெரிய அடியிலிருந்து காற்றை ஊதினார்கள். ‘முழுக்க கிராஃபிக்ஸ், அதனால்தான் உயிரில்லை’ என்று பலர் ஒதுக்குகிற படம் இது. அதில் இருக்கும் மினியேச்சர் வேலை ஏராளம். அந்தப் படம் பிடிக்காமல் போனதற்குக் காரணத்தை வேறு எங்காவது தேட வேண்டும்.

அடுத்தது லென்ஸ். சின்னப் பொருளை நெருங்கி எடுத்தால் முன்னும் பின்னும் ஃபோகஸ் போய்விடும். நிஜமான பெரிய கப்பலைத் தொலைவிலிருந்து எடுத்தால் முழுக்கத் தெளிவாக இருக்கும். இந்த வித்தியாசம் ஒன்றே மாடலைக் காட்டிக்கொடுக்கப் போதும். இதைச் சமாளிக்க லென்ஸின் துவாரத்தை மிகவும் சுருக்க வேண்டும். சுருக்கினால் வெளிச்சம் பற்றாது. 1968-இல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்துக்கு ஸ்டான்லி குப்ரிக் இதற்குப் பொறுமையால் வழி கண்டார். டிஸ்கவரி விண்கலத்தின் பெரிய மாடல் 54 அடி நீளம். அதைக் கடந்து கேமரா ஊர்ந்து செல்ல, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் பல விநாடிகள் ஒளி விழ விட்டு எடுத்தார்கள். திரையில் சில விநாடி வருகிற காட்சிக்கு மணிக்கணக்கில் கேமரா ஓடியது. நடுவில் யாராவது செட்டில் இடித்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். விண்கலத்தின் உள்ளே ஓடுகிற காட்சிக்காகச் சுமார் 38 அடி விட்டமுள்ள ராட்சத உருளையையே கட்டிச் சுழற்றினார்கள். அந்தக் காலத்திலேயே ஏழரை லட்சம் டாலர் ஆனது. காற்றில் மிதக்கிற பேனா மட்டும் எளிய வேலை. கண்ணாடித் தகட்டில் பேனாவை ஒட்டித் தகட்டை மெல்லச் சுழற்றினார்கள்.

இவ்வளவு பாடுபட்டு எடுக்கும்போது ‘விளக்கு எந்தப் பக்கம் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று யாரும் சொல்ல முடியாது. விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறது. நிழல் விழுந்துவிட்டது. பழைய மாடல் ஷாட்டுகளின் பலம் என்று நான் பார்ப்பது இதைத்தான். ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் தனி மந்திரம் எதுவும் இல்லை.

இரண்டு பக்கமும் சரியாகச் சேர்ந்த படம் எது என்று கேட்டால், முப்பது வருடங்கள் கழிந்த பிறகும் ‘ஜுராசிக் பார்க்’ (1993) என்றுதான் சொல்வேன். இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும் படத்தில் டைனோசர்கள் திரையில் வருவது ஏறக்குறைய 15 நிமிடம். அதில் கம்ப்யூட்டரில் செய்தது சுமார் 6 நிமிடம்தான். மீதி ஸ்டான் வின்ஸ்டன் குழு கட்டிய இயந்திர உருவங்கள். மழை இரவில் டி-ரெக்ஸ் காரைத் தாக்கும் காட்சியில், தலையும் கண்ணும் பல்லும் நெருக்கத்தில் தெரியும்போதெல்லாம் அங்கே நிஜமாகவே ஒரு பொருள் நிற்கிறது. முழு உடம்பும் நடந்து வரும்போது அது ஐஎல்எம் என்ற எஃபெக்ட்ஸ் நிறுவனத்தின் கம்ப்யூட்டர் டைனோசர்.

அந்த மழை இயந்திர டைனோசரை ஆட்டிப் படைத்துவிட்டது. அதன் தோல் நுரை ரப்பர். தண்ணீரைக் குடித்துக் குடித்து எடை கூடிவிட்டது. மோட்டார்களும் ஹைட்ராலிக்ஸும் கணக்கிட்ட எடைக்குத்தான் சரியாக இயங்கும் என்பதால், பல டன் எடையுள்ள அந்த உருவம் வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு டேக்குக்கும் இடையில் ஆட்கள் துண்டு வைத்துத் துடைத்து உலர்த்த வேண்டியிருந்தது. மாடலுக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் இந்தத் துண்டுகளையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் அந்தச் சிரமத்துக்குப் பலன் இருந்தது. ஈரத் தோலில் கார் விளக்கு பட்டால் எப்படிப் பளபளக்கும், மழைத்தாரை முதுகில் எப்படி வழியும் என்பதற்குப் படப்பிடிப்புத் தளத்திலேயே சாட்சி இருந்தது. கம்ப்யூட்டர் குழு அதைப் பார்த்துப் பார்த்துப் பொருத்தினார்கள். அடுத்த ஷாட்டிலேயே நிஜப் பொருள் வரப்போகிறது என்பதால் ஏமாற்ற இடமில்லை. பொம்மையைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஃப்ரேம் ஃப்ரேமாக எடுக்கும் ஸ்டாப் மோஷன் கலைஞர் ஃபில் டிப்பெட்டின் கதையும் இங்கே முக்கியம். கம்ப்யூட்டர் சோதனைக் காட்சியைப் பார்த்ததும் தன் இனமே அழிந்துவிட்டதாக அவர் சொல்ல, இயக்குநர் ஸ்பீல்பெர்க் அதைப் படத்தில் வசனமாகவே வைத்துவிட்டார். ஆனால் டிப்பெட் படத்தை விட்டுப் போகவில்லை. உணர்கருவிகள் பொருத்திய டைனோசர் எலும்புக்கூடு போன்ற ஒரு சட்டகத்தைக் கையால் அசைத்தால், அந்த அசைவு கம்ப்யூட்டருக்குப் போகும்படி செய்தார்கள். கை பழகிய கலைஞர்கள் அப்படித்தான் உள்ளே வந்தார்கள். ஸ்டான் வின்ஸ்டன் 2008-இல் இறந்த பிறகு அவருடைய ஆட்கள் தொடங்கிய லெகஸி எஃபெக்ட்ஸ்தான் நம்முடைய ‘எந்திரன்’ படத்து ரோபோவுக்கு அனிமேட்ரானிக்ஸ் என்கிற இயந்திர உருவ வேலையைச் செய்தது.

இனி கிராஃபிக்ஸ் எங்கே சறுக்குகிறது என்று பார்ப்போம். பின்னணியைப் பிறகு கம்ப்யூட்டரில் சேர்க்கலாம் என்று பச்சைத் திரைக்கு முன்னால் நடிகரை நிறுத்தி எடுக்கிறார்கள். பின்னணி பாலைவனமா, பனிமலையா, காலையா, மாலையா என்று முடிவாகவில்லை. அப்புறம் என்ன வந்தாலும் பொருந்தட்டும் என்று எல்லாப் பக்கமும் சமமாக மென்மையான விளக்குப் போடுகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பின்னணியில் சூரியன் மறைகிறது, முகத்திலோ சூரியனே இல்லை. திரையின் பச்சை கன்னத்தில் ஏறியிருக்கிறது. நடிகருக்கும் எதைப் பார்த்து வியக்க வேண்டும் என்று தெரியவில்லை. இதற்குப் பிறகு எவ்வளவு திறமையான கலைஞர் உட்கார்ந்தாலும் அந்த முகத்தை அந்த மாலையில் முழுதாகச் சேர்க்க முடியாது. படம் பார்த்தவர்கள் கிராஃபிக்ஸ் மோசம் என்று சொல்வார்கள். தப்பு நடந்தது படப்பிடிப்பு நாளில்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கிற படம் ‘இன்டர்ஸ்டெல்லர்’ (2014). எண்டூரன்ஸ் விண்கலம் 15-இல் ஒரு பங்கு அளவில், சுமார் 25 அடி அகலத்துக்குக் கட்டிய மாடல். அந்தக் கருந்துளையை எந்த மாடலிலும் செய்ய முடியாது. இயற்பியலாளர் கிப் தோர்னின் சமன்பாடுகளை வைத்து, ஒளி எப்படி வளைந்து வரும் என்று லண்டனின் டபுள் நெகட்டிவ் நிறுவனம் மென்பொருள் எழுதிக் கணக்கிட்டது. சில ஃப்ரேம்களுக்கு 100 மணி நேரம் வரை ஆனது. அந்த வேலை 2015-இல் ஓர் இயற்பியல் ஆய்விதழில் கட்டுரையாகவும் வந்தது. இங்கேதான் என் விஷயம் வருகிறது. இப்படிச் செய்த படிமங்களை அவர்கள் படப்பிடிப்புக்கு முன்பே தயார் செய்து, காக்பிட் ஜன்னலுக்கு வெளியே பெரிய திரையில் ப்ரொஜெக்டரால் ஓடவிட்டார்கள். நடிகர்கள் நிஜமாகவே அதைப் பார்த்தார்கள். ஹெல்மெட் கண்ணாடியில் அது பிரதிபலித்தது, முகத்தில் அதன் ஒளி விழுந்தது. முழுக்க முழுக்க கம்ப்யூட்டர் வேலை, ஆனால் மாடலுக்குரிய ஒழுங்கோடு வந்தது.

‘டூன்’ (2021) படத்தில் செய்ததும் இதே வகை. பச்சைக்கும் நீலத்துக்கும் பதிலாக மணல் நிறத்திலேயே திரை கட்டினார்கள். அதில் பட்டுத் திரும்பும் ஒளி பாலைவனத்து ஒளியாகவே நடிகர்மேல் விழும். அந்தப் பழுப்பு நிறத்தைத் தலைகீழாக மாற்றினால் நீலம் வரும், ஆகவே பிறகு பிரித்தெடுக்கவும் முடிந்தது. படத்தில் வரும் தும்பி போன்ற விமானத்தின் காக்பிட்டை புடாபெஸ்ட் அருகே ஒரு குன்றின்மேல், திறந்த வெயிலில், ஆட்டும் மேடைமேல் வைத்துச் சுற்றிலும் இந்தத் திரையை எழுப்பி எடுத்தார்கள். வெளியே தெரியும் பாலைவனம் பிறகு சேர்த்ததுதான். வெயில் நிஜம்.

‘மாண்டலோரியன்’ தொடர் (2019) இதை எல்இடி சுவராக மாற்றியது. 20 அடி உயரம், 75 அடி விட்டம், நடிகரைச் சுற்றி வளைந்த சுவர் முழுக்கப் பின்னணி ஓடும், கேமரா நகர்ந்தால் பின்னணியும் அதற்கேற்ப நகரும். நாயகன் அணிவது கண்ணாடி போல மின்னும் கவசம். பச்சைத் திரை வைத்திருந்தால் ஹெல்மெட் முழுக்கப் பச்சையாகியிருக்கும். இதை எல்லாவற்றுக்கும் மருந்தாக நினைக்கவும் கூடாது. நண்பகல் வெயிலின் கூரான நிழலை எல்இடி சுவரால் தர முடியாது. அதனால் இந்தச் சுவர் வைத்து எடுத்த பல தொடர்களில் வெளிப்புறம்கூட மேகமூட்டமாகவோ அந்திப் பொழுதாகவோ இருக்கிறது.

மாடல் வைத்தால் மட்டும் போதுமா என்பதற்கு ஒரு சோகமான உதாரணம் உண்டு. 2011-இல் வந்த ‘தி திங்’ படத்துக்கு ஏடிஐ என்ற எஃபெக்ட்ஸ் நிறுவனம் கையால் கட்டிய ஜந்துக்களைத் தளத்தில் இயக்கிப் படமும் பிடித்தார்கள். பிறகு ஸ்டுடியோ மனம் மாறி, அவற்றில் பெரும்பாலானவற்றின்மேல் கம்ப்யூட்டர் உருவங்களை ஏற்றிவிட்டது. பார்த்தவர்களுக்கு இரண்டுமே கிடைக்கவில்லை. மனம் நொந்த அந்தக் குழுவினர் ரசிகர்களிடம் பணம் திரட்டி 2015-இல் சொந்தமாக ஒரு படம் எடுத்தார்கள். உருவங்கள் எல்லாம் கையால் செய்தவை, ஆனால் படம் விமர்சகர்களிடம் எடுபடவில்லை. கதையும் வெளிச்சமும் கேமராவும் கூட வராவிட்டால் ரப்பர் ரப்பராகவே இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். ‘கிராஃபிக்ஸே இல்லை, எல்லாம் நிஜம்’ என்று இப்போது நடக்கிற விளம்பரத்தை நம்பாதீர்கள். ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்’ (2015) நமீபியப் பாலைவனத்தில் நிஜ வண்டிகளை ஓட்டி எடுத்தது என்பது உண்மை. அதில் சுமார் 2,000 ஷாட்டுகளில் கம்ப்யூட்டர் வேலை இருக்கிறது என்பதும் உண்மை. புழுதிப்புயல், நாயகி ஃப்யூரியோசாவின் இல்லாத கை, ஸ்டன்ட் கயிறுகளை அழித்தது என்று அது நீள்கிறது. இந்தக் கயிறு அழிக்கிற, உருவத்தின் ஓரத்தை ஃப்ரேம் ஃப்ரேமாக வெட்டியெடுக்கிற ரோட்டோ, பெயின்ட் வேலைகள் உலகெங்கும் இருந்து இந்தியாவுக்கு வருகின்றன. ‘டூனி’ன் எஃபெக்ட்ஸில் பெரும்பங்கு செய்த டிநெக் (முன்பு சொன்ன டபுள் நெகட்டிவ்தான்) நிறுவனத்துக்குச் சென்னையிலேயே ஸ்டுடியோ இருக்கிறது. நன்றாகச் செய்தால் வேலையே தெரியக் கூடாது என்பது அந்தத் தொழிலின் இயல்பு. தெரியாத வேலையை ‘இல்லாத வேலை’ என்று மேடையில் சொல்வது அநியாயம். ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மொத்த விலைக்கே பேசப்படுவதால், இயக்குநர் கடைசி மாதத்தில் மனம் மாறினால் இரவு முழுக்க உட்காருவதும் அந்தக் கலைஞர்கள்தான்.

குறும்படக் கேள்விக்கு வருகிறேன். டங்கன் ஜோன்ஸ் இயக்கிய ‘மூன்’ (2009) படத்தைத் தேடிப் பாருங்கள். சுமார் 50 லட்சம் டாலரில் எடுத்தது, ஹாலிவுட் கணக்கில் சொற்பம். நிலவுத் தளத்தின் உட்புறம் முழுச் செட். வெளியே ஓடும் வண்டிகள் மினியேச்சர். ‘ஏலியன்’ படத்தில் வேலை செய்த பில் பியர்சன்தான் மாடல்களைப் பார்த்துக்கொண்டார். அதன்மேல் அளவாகக் கம்ப்யூட்டரில் மெருகேற்றினார்கள்.

உங்களிடம் இருக்கும் ஃபோன் இதற்குக் கைகொடுக்கும். அதன் சென்சார் சின்னது என்பதால் ஃபோகஸ் ஆழமாக இருக்கும், அதாவது முன்னும் பின்னும் தெளிவாக வரும், பெரிய கேமராவைவிட மாடல் எடுக்க அது வசதி. 240 ஃப்ரேம் வசதி இருந்தால், 24-ஐப் போலப் பத்து மடங்கு. பத்தின் வர்க்கம் 100. அதாவது 100-இல் ஒரு பங்கு மாடல்வரை விழுகிற, சரிகிற காட்சிகளை எடுக்கலாம். ஆனால் அந்த வேகத்துக்கு வெளிச்சம் நிறைய வேண்டும், அதனால் மொட்டைமாடியில் உச்சி வெயிலில் எடுங்கள். விண்வெளியிலும் ஒரே சூரியன்தான், நிழல் கூராக இருப்பது நல்லது. பின்னால் கறுப்பு வெல்வெட் துணி கட்டுங்கள். மாடலைத் தாங்கும் கம்பியைப் பிறகு மென்பொருளில் அழித்துக்கொள்ளலாம், நட்சத்திரங்களை பிளெண்டர் என்ற கிராஃபிக்ஸ் மென்பொருளில் சேர்க்கலாம். தண்ணீர், தீ, புகை எதுவும் கதையில் வேண்டாம்.

செட் என்று ஒன்றே ஒன்று கட்டுங்கள், நடிகர் தொடக்கூடிய காக்பிட். ஜன்னலுக்கு வெளியே பச்சைத் துணிக்குப் பதில் பெரிய டிவியை வையுங்கள், அறை விளக்கைக் குறையுங்கள். அந்த டிவியில் ஓடவிட மாடல் ஷாட்டுகள் வேண்டும். எனவே நடிகரை அழைக்கும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே மாடல் வேலையை எடுத்து முடித்து, எடிட் செய்து, கையில் வைத்திருங்கள்.